மாப்பிள்ளையின் இடது காது

"அங்கன வெயிலு எப்படி தம்பி?" என்று கேட்டபடியே வாவு முகம்மது அந்தக் கீயை ஏழாவது தடவையாக அமுக்கினார்.

"பரவால்ல மாமா," என்றது லேப்டாப்.

"காத்து?"

"காத்தும் இருக்கு மாமா."

எட்டாவது தடவை. ஒன்பதாவது தடவை. சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அபுதாபித் துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டியவர் அவர். அங்கே ஒரு பொத்தானை அமுக்கினால் நாற்பது டன் பெட்டி அந்தரத்தில் எழும்பும். இங்கே புளியங்கொட்டை அளவுள்ள ஒரு கீயை விரல் சிவக்க அமுக்கியும் ஒரு தூசி எழும்பவில்லை.

"மாமா, டக்கு டக்குன்னு ஏதோ சத்தம் கேக்குதே?"

"மரங்கொத்தி," என்றார் வாவு முகம்மது. "கொல்லையில தென்னமரம் இருக்கு."

"வீட்டுக்குள்ள கேக்குற மாதிரி இருக்கு மாமா."

"பெரிய மரங்கொத்தி."

அறைவாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் யாரோ நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அது அவர் மனைவி சுலைகா. அதைத் தொடர்ந்து அடக்க முடியாத ஒரு சிரிப்பு, துப்பட்டாவில் பொத்தியது. அது மகள் தஸ்னீம். கல்யாணம் அவளுக்குத்தான்.

கல்யாணம் என்று இப்போதே சொல்லிவிட முடியாது. ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கும் சுஐபு என்கிற பையனின் படம் வந்திருந்தது. ஸ்டுடியோவில் எடுத்த படம். பின்னால் பனிமலை. கன்னத்தில் ரோஜா நிறம். உதட்டிலும் ஏதோ செய்திருந்தார்கள். மூக்கின் நிழலைக்கூடத் துடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

"இது ஆளா, அல்வாக் கடை காலண்டரா?" என்றாள் தஸ்னீம்.

அவள் இராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஊரான் ரத்தத்தையே நுண்ணோக்கியில் போட்டு உருட்டி உருட்டிப் பார்க்கிறவள், கட்டிக்கப் போகிறவன் முகத்தைப் பார்க்காமல் சம்மதம் சொல்வாளா? சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

சுலைகா அவள் பக்கம். அதற்குக் காரணம் இருந்தது. "எனக்கும் படம்தான் காட்டுனாக," என்று இருபத்தேழு வருஷமாகச் சொல்லி வருகிறாள். "படத்துல ஒரு ஆளு இருந்தாரு. நிக்காஹ் அன்னைக்கு வந்தது அவரோட சின்ன வாப்பா மாதிரி இருந்தாக."

அந்தச் சின்ன வாப்பா, சித்தப்பா போலிருந்த வாவு முகம்மது, இதற்கு ஒருபோதும் பதில் சொன்னதில்லை. பதில் சொல்கிற இடத்திலும் அவர் இல்லை. கீழக்கரையில் அவர்கள் குடும்ப வழக்கப்படி நிக்காஹ் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார். வாவு முகம்மது இருப்பது சுலைகாவின் வீடு. நாளைக்குத் தஸ்னீமின் மாப்பிள்ளை குடி வரப்போவதும் இதே வீடு.

"நம்ம வீட்டுல, நம்ம சட்டியில சோறு தின்னு, நம்ம கூரைக்குக் கீழ படுக்கப் போற ஆளு," என்றாள் சுலைகா. "மூஞ்சி தெரியாத ஒருத்தர எப்படிங்க உள்ள விடுறது?"

ஆனால் மாப்பிள்ளையின் பெரிய வாப்பா, அவன் அப்பாவின் அண்ணன், கறாரான மனிதர். பெரியபட்டினத்திலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார். "படம் குடுத்தாச்சு. பொண்ணு பாக்குறது பேசுறதெல்லாம் நிக்காஹுக்கு அப்புறம். பொண்ணோட வாப்பா வேணும்னா பேசிக்கட்டும். அதும் போன்ல வேணாம். போன்னா நடந்துக்கிட்டே பேசுவாக. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து பேசினாத்தான் மரியாதை."

ஆகவே தஸ்னீமுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த லேப்டாப் பரணிலிருந்து இறங்கியது. லேப்டாப்புக்கு முன்னால் பெண்கள் வந்து நின்றால் பையன் பார்ப்பான். பின்னால் நின்றால் பெண்கள் பார்க்க முடியாது. போனைத் தூக்கி லேப்டாப் திரையைப் படம் பிடித்தால் அதுவும் அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தால் பெரிய வாப்பாவுக்குத் தெரியும்.

"ஸ்கிரீன்ஷாட் எடுங்க வாப்பா," என்றாள் தஸ்னீம். "கீபோர்டுலயே ஒரு கீ இருக்கு. பேசிக்கிட்டே அமுக்கிரலாம். அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. எழுத்து அழிஞ்சு போச்சு, மேல் வரிசையில வலது கோடியிலருந்து எண்ணிக்கிட்டு வாங்க... இல்ல, நான் மேசைக்கு அடியில உக்காந்து கைய நீட்டி அமுக்கிறவா?"

"கிரேன் ஓட்டுறவன் கேபின்ல இன்னொருத்தன் கைய நீட்டக் கூடாது," என்றார் வாவு முகம்மது. "நான் எடுத்துட்டு வாரேன். எவன் கேக்குறான்னு பாப்போம். எம் மக மூஞ்சியப் பாக்கணும்னா பாக்கணும்."

இப்படித்தான் திங்கட்கிழமை அந்த மரங்கொத்தி பிறந்தது.

அழைப்பு முடிந்ததும் வாசல் திரை விலகியது. பெண்கள் இருவரும் ஓடி வந்தார்கள்.

"எடுத்தீகளா?"

"பதினோரு தடவ அமுக்குனேன். வேலை செய்யல. கீ செத்துப் போச்சு."

"கீ சாகல வாப்பா. எடுத்திருக்கும். எடுத்தத எங்கயாவது ஒட்டணும், அப்பத்தான் கண்ணுக்குத் தெரியும்." தஸ்னீம் பெயிண்ட்டைத் திறந்தாள். "ஆனா ஒண்ணு. பதினோரு படத்துல கடைசியா எடுத்ததுதான் நிக்கும். மத்தது போயிரும்."

ஒட்டினாள். கடைசிப் படம் வந்து நின்றது. பையன் அழைப்பை வைத்த பிறகு வாவு முகம்மது ஒரு வீம்புக்கு அமுக்கிய அமுக்கு அது. படத்தில் யாரும் இல்லை. ஐந்து நட்சத்திரங்கள் வரிசையாக இருந்தன. அழைப்பு எப்படி இருந்தது என்று கேட்டிருந்தது.

"மாப்பிள்ளைக்கு எத்தன நட்சத்திரம்னு கேக்குதா?" என்றாள் சுலைகா. "மூஞ்சியக் காட்டாம நட்சத்திரம் கேட்டா எப்படி?"

*

செவ்வாய்க்கிழமைக்கு வேறு உபாயம். ஜன்னல் படம் போட்ட கீயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் அந்த அழிந்த கீயை அமுக்க வேண்டும். ஒட்டவே வேண்டாம், ஒவ்வொரு படமும் தானாகப் போய் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

மறுநாளே கூப்பிடுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"ஒண்ணுமில்ல தம்பி, நேத்து ஒரு விசயம் கேக்க விட்டுப் போச்சு," என்றார் வாவு முகம்மது. "உங்களுக்கு என்ன மீன் புடிக்கும்?"

"எல்லா மீனும் தின்பேன் மாமா."

"அப்படிச் சொன்னா எப்படி? பேர் பேராச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க."

"விளமீனு... பாறை... ஊழி..."

ஊழி வரும்போது வாவு முகம்மது இடது கையால் ஜன்னலைப் பிடித்து, வலது கையைக் கோடிக் கீயை நோக்கி நீட்டினார். கை போகிற வழியில் மணிக்கட்டு வேறு ஏதோ ஒரு கீ மேல் படுத்து எழுந்தது. திரையில் பையன் மறைந்தான். ஒரு ஏரி, ஒரு படகு, பெரிதாக மணி ஐந்து பத்து. கீழே கடவுச்சொல் கேட்டது.

"மாமா?" என்றது ஏரி. "மாமா, இருக்கீகளா?"

"இருக்கேன் தம்பி. நீங்க மீனச் சொல்லுங்க."

கடவுச்சொல் தஸ்னீமுக்கு மட்டும்தான் தெரியும். அவள் குரல் ஷார்ஜாவுக்குக் கேட்கக் கூடாது. வாவு முகம்மது வாசல் திரைப்பக்கம் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார். திரைக்குப் பின்னால் பேனா தேடும் கலவரம். கடைசியில் திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, ஆய்வுக்கூடத்துச் சீட்டு ஒன்றைக் காட்டியது. அதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு உரக்கப் படித்தால்தான் விரல் ஓடும்.

"வி... ஏ... பி... பி... ஏ... டி... எச்..."

"மாமா, எனக்கு ஏதும் சொல்றீகளா?"

"உங்களுக்கில்ல தம்பி. ஓ... டி..."

முழுதும் அடித்து முடித்த பிறகுதான் அதை எழுத்துக்கூட்டிப் பார்த்தார். 'வாப்பா தொடாதீங்க' என்று இருந்தது.

ஏரி போய்ப் பையன் வந்தான். "மாமா, லைட்டு கொஞ்சம் போடுறீகளா? இருட்டா இருக்கு," என்றான். நல்ல புள்ள, வீட்டு வெளிச்சத்தைப் பற்றியெல்லாம் இப்போதே கவலைப்படுகிறது என்று வாவு முகம்மது நெகிழ்ந்து போனார். எழுந்து குழல்விளக்கைப் போட்டார். திரும்பி வந்து, குனிந்து, கோடியிலிருந்து கீயை எண்ணி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னும் மூன்று தடவை அமுக்கினார்.

நான்கு படங்கள் கிடைத்தன. பெண்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

முதல் படத்தில் ஒரு வகிடு. நேரான, சுத்தமான வகிடு. இரண்டாவது படத்தில் அதே வகிடு. மூன்றாவது படத்தில் வகிடு கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருந்தது. பையன் மூன்றிலும் தலையைக் குனிந்து கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடி நல்லா அடர்த்தி, அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் சுலைகா. "ஆனா தலைக்குக் கீழ ஒண்ணு இருக்கும்ல, அது எங்க?"

"மரியாதை," என்றார் வாவு முகம்மது. "மாமனாரு முன்னால தலை நிமிராம உக்காந்திருக்கு."

"மூணு படத்துலயுமா மரியாதை?"

நான்காவது படம் திறந்தது. அதில் சுஐபின் தோள் மட்டும் ஓர் ஓரத்தில் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் தோளில் துண்டும் வாயில் பல்குச்சியும் சிரிப்புமாக ஒருவன் நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை தெளிவு. பல்லை எண்ணலாம்.

"இது யாரு வாப்பா?" என்றாள் தஸ்னீம்.

"கூட ரூம்ல இருக்கிற புள்ள. பேரு தனுஷு. நயினார்கோயில் பக்கமாம். லேப்டாப்பு அவனோடதுன்னு சொன்னாரு. ராத்திரி ஷிஃப்ட்டு போல, அப்பத்தான் எந்திரிச்சு வந்தான்."

"இவரு மட்டும் நேரா பாக்குறாரு பாருங்க."

"ஏ புள்ள, திருப்பு அந்தப் படத்த," என்றாள் சுலைகா.

*

புதன்கிழமை மூன்று கீ.

"ஜன்னல், ஷிஃப்ட்டு, எஸ்," என்றாள் தஸ்னீம். "மூணையும் சேத்து அமுக்கினா திரை மங்கும். பயப்படாதீங்க. அப்புறம் மவுசால அவுக மூஞ்சியச் சுத்தி ஒரு கட்டம் போடுங்க. கட்டத்துக்குள்ள இருக்கிறது மட்டும் வந்துரும். தலை நிமிர்ற நேரம் பாத்துப் போடணும்."

வாவு முகம்மது 'பயப்படாதீங்க' வரைக்கும் கேட்டார். அதற்கப்புறம் சொன்னது அவர் காதுக்குத் தேவைப்படவில்லை. தொண்ணூறு அடி உயரத்தில் புழுதிப் புயலில் உட்கார்ந்திருந்தவரிடம் போய் என்ன சொல் இது.

இந்தத் தடவை அவர், பாம்பன் பாலத்தில் பையன் கடைசியாக எப்போது போனான் என்று கேட்டார். பையன் அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். சொல்லும்போதே அவன் தலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டு வந்தது. நெற்றி தெரிந்தது. புருவம் தெரிந்தது.

வாவு முகம்மது சட்டென்று குனிந்து மூன்று கீயையும் தேடிப் பிடித்து அமுக்கினார். திரை மங்கியது.

"கரண்டு போயிருச்சு!" என்று கத்திவிட்டார்.

"இங்கன இருக்கு மாமா," என்றான் பையன்.

அவர் மவுசைப் பிடித்து உலுக்கினார். உலுக்கியதில் ஏதோ ஒரு கட்டம் விழுந்தது. திரை தெளிந்தது. பையன் மறுபடியும் குனிந்திருந்தான்.

அன்று கிடைத்தது ஒரு காது.

தஸ்னீம் அதைப் பெரிதாக்கினாள். திரை முழுக்கக் காது. மூன்று பேரும் வெகுநேரம் அதைப் பார்த்தார்கள்.

"இடது காது," என்றாள் தஸ்னீம்.

"மடல் ஒட்டாம இருக்கு. நல்லதுதான்," என்றாள் சுலைகா. "ஒண்ணும் சொல்றதுக்கில்ல. காது நல்லாத்தான் இருக்கு."

"அப்ப சம்மதம்னு சொல்லிரவா?" என்றார் வாவு முகம்மது ஆவலாக.

இருவரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார்.

*

வியாழக்கிழமை காலை, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த ருக்ஸானா வந்தாள். அந்தக் கடற்கரை ஊர்களில் பாதிக் கல்யாணங்களை முடித்து வைத்தவள். வாவு முகம்மதுவை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"தெனம் கூப்புட்டு என்னதான் பேசுறீக காக்கா? ஒருநாள் வெயிலாம், ஒருநாள் மீனாம், ஒருநாள் பாலமாம். திடீர்னு இங்கிலீஷு எழுத்தா ஒப்பிக்கிறீகளாம். கரண்டு போச்சுன்னு கத்துறீகளாம். 'பொண்ணோட வாப்பா நல்லாத்தானே இருக்காக?'ன்னு மாப்பிள்ளை வீட்டுல என்கிட்ட கேக்குறாக."

"நீ என்ன சொன்ன?"

"வயசாச்சுன்னு சொன்னேன்."

"எனக்கு அம்பத்தெட்டுதான்."

"அவுகளுக்கும் மனசுல ஏதோ ஒண்ணு உறுத்துது காக்கா. என்னன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்குறாக. நாளைக்கு வெள்ளிக்கிழம. ஜும்மாவுக்குள்ள பதில் வேணுமாம். இல்லன்னா தொண்டியில ஒரு பொண்ணு ரெடியா இருக்கு. அந்தப் பொண்ணு படத்தப் பாத்தே சரின்னு சொல்லிருச்சாம்."

"சொல்லட்டும்," என்றார் வாவு முகம்மது. எழுந்து நின்றே சொன்னார். "தொண்டிப் பொண்ணு சொல்லட்டும். எம் மக சொல்ல மாட்டா. அவள நான் சொல்ல வைக்கவும் மாட்டேன். பொண்ணு மாப்பிள்ளையப் பாக்கலாம்னுதான் மார்க்கத்துல இருக்கு. பெரிய வாப்பா வீட்டுல வேற மார்க்கமா?"

திரைக்குப் பின்னாலிருந்து, "அப்படிச் சொல்லுங்க," என்றது சுலைகாவின் குரல். இருபத்தேழு வருஷத்தில் அவர் சொன்ன ஒன்றை அவள் ஆமோதித்தது அதுதான் முதல் தடவை. அந்த வேகத்தில் அவர் அன்று சாயங்காலமே லேப்டாப்பின் முன் உட்கார்ந்தார். தஸ்னீம் கீ எழுதிக் கொடுத்த சீட்டையெல்லாம் கிழித்துப் போட்டார். ஒரு கீ, இரண்டு கீ, மூன்று கீ என்று கெஞ்சிக்கொண்டிருந்தது போதும். இரண்டு கையிலும் உள்ள விரல்களை விரித்து, இடது ஓரத்தில் நாலு, வலது ஓரத்தில் நாலு என்று மொத்தமாக ஒரே அமுக்கு.

பையன் தலைகீழாகத் தொங்கினான்.

வாவு முகம்மது கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு, கிரேனில் பெட்டி திரும்பி நின்றால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். லேப்டாப்பைத் தூக்கித் தலைகீழாகச் சுவரில் சாய்த்து வைத்தார். பையன் நேராகிவிட்டான்.

"மாமா," என்றான் பையன். "நீங்க தலைகீழா இருக்கீக."

"நீங்கதான் தம்பி இம்புட்டு நேரம் தலைகீழா இருந்தீக. நான் இப்பத்தான் சரி பண்ணுனேன்."

"இல்ல மாமா. நான் சரியாத்தான் இருக்கேன். உங்க ஃபேன் தரையில ஓடுது."

யார் தலைகீழ் என்பதில் இரண்டு பேருக்கும் பத்து நிமிஷம் பேச்சு ஓடியது. அதில் கீயைப் பற்றிய ஞாபகமே வாவு முகம்மதுவுக்கு வரவில்லை. ஞாபகம் வந்து, தலைகீழாக இருந்த கீபோர்டில் கை வைத்தபோது அழைப்பும் படமும் எல்லாமே மூடிக்கொண்டன.

தஸ்னீம் வந்தாள். மூன்று கீயைத் தட்டினாள். திரை நிமிர்ந்தது. அவள் உட்காரவில்லை.

"விட்ருங்க வாப்பா," என்றாள். "எனக்கு இது வேணாம்."

"ஏம்மா? நாளைக்கு ஒருநாள் இருக்கு. நான் எடுத்துருவேன்."

"நீங்க எடுத்துருவீங்க. ஆனா அவுக நிமிர மாட்டாக. நாலு நாளாச்சு. எடுத்த படத்துலயெல்லாம் அவுக கண்ணு கீழயே இருக்கு. கீழ ஒரு போனை வச்சுக்கிட்டு வேற யாருகிட்டயோ பேசிக்கிட்டிருக்காக. இல்லன்னா மறைக்கிறதுக்கு ஏதோ இருக்கு."

"மாறுகண்ணா இருக்குமோ?" என்றாள் சுலைகா மெதுவாக.

"மாறுகண்ணா இருந்தா என்ன உம்மா?" என்றாள் தஸ்னீம். "மாறுகண்ணு எனக்குப் பெருசில்ல. ஆனா அந்தக் கண்ணால நேராப் பாக்கட்டும். பாக்காத ஆளு கூட நான் எப்படி உம்மா ஒரு வீட்டுல இருக்குறது?"

அவள் உள்ளே போய்விட்டாள். வாவு முகம்மது தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது டன் தூக்கிய விரல்கள். மகளுக்கு ஒரு முகத்தைத் தூக்கிக் காட்ட முடியவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து லேப்டாப்பின் முன் உட்கார்ந்தார். கீபோர்டின் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு மூடினார். சுலைகாவுக்கு அது என்ன என்று புரியவில்லை.

"இனி அத நான் தொட மாட்டேன்," என்றார். "தம்பியக் கூப்புடு."

சுஐபு வந்தான். ராத்திரி வேலை முடிந்து அப்போதுதான் அறைக்கு வந்திருக்க வேண்டும். கிடங்கின் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சலாம் சொன்னான். சொன்ன கையோடு தலை குனிந்தது.

"வ அலைக்குமுஸ்ஸலாம். தம்பி, இன்னைக்கு வெயிலும் கேக்க மாட்டேன், மீனும் கேக்க மாட்டேன்," என்றார் வாவு முகம்மது. "எங்க கொல்லையில மரங்கொத்தி கிடையாது. தென்னமரமே கிடையாது. அது நாந்தான். எம் மகளுக்குக் காட்டுறதுக்கு உங்க மூஞ்சியத் திருட்டுத்தனமா படம் எடுக்கப் பாத்தேன். நாலு நாளா எடுத்தேன். மூணு வகிடும் ஒரு காதும் வந்துச்சு."

வகிடு அசையாமல் நின்றது.

"திருடுனது தப்பு. மன்னிச்சுக்கங்க. ஆனா பாக்கணும்னு நெனச்சது தப்பில்ல. அதுக்கு யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன். உங்க பெரிய வாப்பா கோவிச்சாலும் சரி, ஜும்மாவுக்குள்ள சம்பந்தம் முறிஞ்சாலும் சரி. மாறுகண்ணா இருந்தாலும் எம் மகளுக்குப் பரவாயில்லையாம். வேற பொண்ணு மனசுல இருந்தா அதயும் சொல்லிருங்க, துஆ செஞ்சு அனுப்பி வைக்கிறேன். எதா இருந்தாலும் தலைய நிமித்திச் சொல்லுங்க."

சுஐபு நிமிரவில்லை. அவன் தோள் மட்டும் லேசாக அசைந்தது. கீழே அவன் கை எதையோ செய்துகொண்டிருந்தது.

அப்போது அறைவாசலின் திரை வளையங்கள் கிறீச்சிட்டன. சுலைகா, "ஏ புள்ள, ஏ புள்ள," என்று கையைப் பிடிப்பதற்குள் தஸ்னீம் வெளியே வந்துவிட்டாள். முக்காட்டை இழுத்துச் சரி செய்தாள். வாப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், லேப்டாப்புக்கு நேர் எதிரே, நின்றாள். பெரியபட்டினத்தில் யாருக்குக் கோபம் வரும், தொண்டியில் யாருக்குக் கல்யாணம் நடக்கும் என்பதெல்லாம் அந்த முகத்தில் இல்லை. வாவு முகம்மது அவளைத் தடுக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றாள். "நான் தஸ்னீம். ஒளிஞ்சு நின்னு பாக்குறதுல எனக்கு விருப்பமில்ல. நீங்க நேராப் பாக்குறீங்களா, இல்ல நான் லேப்டாப்ப மூடிறவா?"

குனிந்த தலை அப்படியே உறைந்தது. காது இரண்டும் சிவந்தன.

லேப்டாப் மூடியின் மேல் தஸ்னீம் கை வைத்தாள்.

"ஏலே சுஐபு, இன்னுமாடா அது கிடைக்கல?" என்று ஷார்ஜாவில் ஒரு குரல் கேட்டது. கையில் கரண்டியோடு தனுஷ் திரைக்குள் வந்தான். இந்தப் பக்கம் நிற்கிறவர்களைப் பார்த்தான். கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, குனிந்து, கேமராவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான்.

"அய்யா, மூடிறாதீக, ஒரு அஞ்சு நிமிசம் நீங்க குனியாம நேராப் பாத்துக்கிட்டு இருங்க. 'மாமனாரு மூஞ்சியப் பாக்காம எம் மவன அந்த வீட்டுக்குக் குடியிருக்க அனுப்ப மாட்டேன்'னு இவன் உம்மா அஞ்சு நாளா ஒத்தக்கால்ல நிக்கிறாக, இவனும் என் லேப்டாப்புல அந்தப் படம் புடிக்கிற கீயத்தான் தேடிக்கிட்டு இருக்கான்!"